கபீர் செய்த எருமையை யார் தொடலாம்?

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அய்யா பஞ்சநதம் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் எங்கள் கபீரின் துணைவியார் ரஹ்மத் பீவி அவர்களே! ஜமாத்துப் பெரியவர்களே! கடைகளை அரை நாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் நீடாமங்கலம் வியாபாரப் பெருமக்களே! செல்போன் வழியாகப் பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் இந்த நினைவுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக என் மகள் சொல்கிற, நான் பார்த்தே இராத நண்பர்களே! அனைவருக்கும் பவர் டில்லர் மெக்கானிக் பெரியநாயகசாமியின் வணக்கம்.

மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பதைப் பார்த்து அதிகம் பயந்தவள் என் மகள் சான்ட்ராதான். "அப்பா, எழுதிவெச்சுப் படிங்க. வாய்க்கு வந்ததப் பேசுனீங்கன்னா கார்ப்பரேட்டர்ல ஆரம்பிச்சு கார்ப்பரேட்டர்லயே முடிச்சுருவீங்க" என்றாள். எழுதித்தான் கொண்டுவந்திருக்கிறேன். நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை புரியாதது பழகிவிட்டது. ஆகவே, என் பேச்சில் பிழை இருந்தால் அது என் பிழை. நல்லது ஏதாவது இருந்தால் அது கபீர் தம்பியுடையது.

யார் இந்த அஹமது கபீர்? உங்களில் பலருக்கு அவர் ரயில்வே கேட்டை ஒட்டிய கம்ப்யூட்டர் கடைக்காரர். சிட்டா எடுத்துக் கொடுத்தவர், அடங்கல் எடுத்துக் கொடுத்தவர், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக் கொடுத்தவர். ஷார்ஜாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பியவர். ஆனால் உலகத்தில் பதினோராயிரம் பேருக்கு அவர் யார் தெரியுமா? விலங்குச் சிற்பி! ஆமாம், விலங்குச் சிற்பி அஹமது கபீர்! இந்தப் பட்டத்தை எங்கள் குழு கொடுத்தது. வெளியே இருக்கிற பேனரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறோம். கல்லில் செதுக்குகிற சிற்பி என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஒரு பெரியவர், "எந்தக் கோயில்ல வேல பாத்தாரு?" என்று என்னிடமே கேட்டுவிட்டார்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயரை நான் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆகவே அந்த விளையாட்டு என்றே சொல்கிறேன். பெரிய கற்பனை நாடு. மலை, காடு, கோட்டை, நெருப்புத் துப்புகிற பறக்கும் பல்லி. நாம் அதற்குள்ளே ஒரு ஆளாகப் போய் வாளை எடுத்துக்கொண்டு திரியலாம். விளையாட்டை விற்ற கம்பெனி கொடுக்காத மிருகத்தையும் துணிமணியையும், விளையாடுகிறவர்களே செய்து அதற்குள் சேர்ப்பார்கள். அதற்கு மோட் என்று பெயர். யாருக்கும் சம்பளம் கிடையாது. செய்து பொதுவில் வைத்தால், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீடாமங்கலத்தில் இப்படிச் செய்கிறவர்கள் ஒன்பது பேர். அவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் 'கேட் சாத்தியாச்சு'. ஏன் அந்தப் பெயர் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? கேட் சாத்தினால் திறக்கும்வரை கபீர் கடையில்தானே எல்லோரும் நின்றோம்!

நானும் அப்படித்தான் நின்றேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது. நான் சண்டை போடப் போனேன். சான்ட்ரா அப்போது கல்லூரியில் முதல் வருடம். மூன்று மணிக்கு விட்டால் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். எங்கே என்று பார்த்தால் கபீர் கடை. ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனேன்.

"என்ன தம்பி, படிக்கிற புள்ளய வெச்சுக்கிட்டு வெளையாட்டுக் காட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"உக்காருங்கண்ணே. இப்பதான் கேட் சாத்துனான். எப்படியும் நீங்க அந்தப் பக்கம் போக முடியாது. திட்டுறத உக்காந்துக்கிட்டே திட்டுங்க."

உட்கார்ந்தேன். திரையில் ஆறு ஓடுகிறது, புல் கிடக்கிறது, பனி கொட்டுகிறது. ஓநாய் இருக்கிறது, கரடி இருக்கிறது. நான் குத்தலாகக் கேட்டேன்: "இம்மாம் பெரிய நாட்டுல, இம்மாம் புல்லுல, ஒரு எரும கூடவா இல்ல?" கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கபீர் மட்டும் சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் 'எருமை' என்று எழுதி வைத்துக்கொண்டார்.

திட்ட வந்தவன் சொன்னதைக் குறித்துக்கொள்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்!

இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திரையில் எருமை படுத்திருக்கிறது. கொம்பு, தோல், முதுகில் காய்ந்த சேறு, எல்லாம் அப்படியே இருக்கிறது. கபீர் ஒரு பொத்தானை அழுத்தினார். எருமை எழுந்தது.

"தம்பி, இது என்ன?"

"எருமண்ணே."

"இல்ல. எரும வேஷம் போட்ட குதிர."

சான்ட்ராவுக்கு என்னைக் கொன்றுவிடலாம் போல இருந்திருக்கும். ஆனால் நான் சொன்னது உண்மை. குதிரை முன்னங்காலை ஊன்றி முன்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். எருமை அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. அது பின்பக்கத்தைத் தூக்கும், முன்னங்கால் மண்டியிட்டே இருக்கும், அப்புறம்தான் முன்னால் எழும். கபீர் என்ன செய்திருக்கிறார் என்றால், விளையாட்டில் இருந்த குதிரையின் எலும்புக்கூட்டை எடுத்து அதன்மேல் எருமைத் தோலைப் போர்த்தியிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம்.

"அப்பா, வெளிநாட்டுக்காரனுக்கு இதெல்லாம் தெரியவா போவுது?" என்றாள் என் மகள்.

கபீர் சொன்னார்: "அவனுக்குத் தெரியாதும்மா. எருமைக்குத் தெரியும்ல?"

அடுத்த நாளிலிருந்து வெண்ணாற்றங்கரையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எருமைக்காரர் வந்து, "என்ன பாய், வாங்கப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லண்ணே, அது எந்திரிக்கிறதப் பாக்கணும்." "அது எந்திரிக்க சாயங்காலம் ஆவுமே." "பரவால்ல, நான் இருக்கேன்." இருந்தார்! மூன்று வாரம் இருந்தார்! எலும்புக்கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதல் எலும்பிலிருந்து புதிதாகக் கட்டினார். இன்று பிரேசிலில் ஒருவர் அந்த விளையாட்டைத் திறந்தால், அங்கே வெண்ணாற்றங்கரை எருமை சரியாகப் பின்பக்கத்தைத் தூக்கி எழுகிறதென்றால், அதற்குக் காரணம் யார்? எங்கள் கபீர்!

அன்றிலிருந்து எனக்குக் குழுவில் ஒரு பதவி கிடைத்தது. பரிசோதகர். அதற்கான தகுதி, ஒன்றும் தெரியாமல் இருப்பது. மற்றவர்கள் சரியான பொத்தானைத்தான் அழுத்துவார்கள். நான் எதையாவது அழுத்துவேன். ஒரு முறை கோட்டைக் கதவைத் திறக்கப் போய் என்னையே ஆற்றில் தள்ளிக்கொண்டேன். கபீர் கைதட்டினார். "அண்ணே, அந்த எடத்துல ஆறே இல்ல. எப்படி விழுந்தீங்க? இன்னொரு தடவ விழுங்க, பாப்போம்" என்றார். என் வாழ்க்கையில் நான் செய்த தப்பை இரண்டாம் முறையும் செய்யச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

ஒவ்வொரு மோடுடனும் ஒரு குறிப்புத் தாள் போகும். கம்ப்யூட்டர் தாள்தான். எப்படிப் பொருத்துவது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 'என்னைப் படி' என்று அதற்குப் பெயர். தலைப்பிலேயே கெஞ்சியும் அதை யாரும் படிக்க மாட்டார்கள்! குறிப்பில் இருக்கிற அதே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டு எழுதுவார்கள். கபீர் தலையில் அடித்துக்கொண்டு பத்துப் பேருக்கும் பதில் போடுவார். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால், மேலே இங்கிலீஷில் எழுதிவிட்டுக் கீழே எனக்காகத் தமிழிலும் எழுதுவார். உலகத்துக்குப் போகிற தாளில், ஒரே ஒரு மெக்கானிக்குக்காகப் பாதிப் பக்கம் தமிழ்!

என் மகள் செய்வது துணிமணி. அந்த விளையாட்டில் பெண்களுக்கு இருந்ததெல்லாம் இரும்புச் சட்டையும் தோல் சட்டையும்தான். சான்ட்ரா நடவு உடை செய்தாள். முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிய சேலை, அதன்மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. நம் வயலில் நடவு நடுகிறவர்கள் உடுத்துவதுதான். விளையாட்டில் ஒவ்வொரு உடைக்கும் ஒரு எண் போட வேண்டும். அடி விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். சான்ட்ரா பூஜ்யம் போட்டிருந்தாள். கபீர் கேட்டார்: "ஏம்மா, வெயில் தாங்குது. சேறு தாங்குது. அட்டை கடிக்காமப் பாத்துக்குது. சோளத் தோகை, கருவ முள்ளு எல்லாத்தையும் தாங்குது. அதுக்குப் போயி ஜீரோவா?" என்று சொல்லி, தோல் சட்டைக்கு மேலே ஒரு எண் போட வைத்தார். இன்றைக்குப் போலந்து நாட்டில் யாரோ ஒருவர், நம் ஊர் நடவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நெருப்புப் பல்லியோடு சண்டை போடுகிறார். ஜெயிக்கவும் செய்கிறார்! என் மனைவி சவரியம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தச் சட்டைல உங்க சட்டை மாதிரியே பொத்தான் இல்லையே" என்றாள். சான்ட்ரா என் சட்டையைப் பார்த்துத்தான் செய்திருக்கிறாள்.

பெருமக்களே! சிரித்தது போதும். கொஞ்சம் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடம் முன்பு, எங்கேயோ இருக்கிற ஒருவர் கபீரின் எருமையை எடுத்து, சிவப்பு நிறம் அடித்து, தன் பெயரில் வெளியிட்டுவிட்டார். இந்த மோட் செய்கிறவர்களுக்குச் சட்டம் கிடையாது, போலீஸ் கிடையாது. ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. ஒருவர் செய்ததை அவருடைய சம்மதம் இல்லாமல் இன்னொருவர் தொடக் கூடாது. கபீருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "நெறத்த மாத்துனதுகூடப் பரவால்லண்ணே, கால குதிர மாதிரி மாத்திட்டான்" என்றார். அதற்குப் பிறகுதான் தன் மோட் எல்லாவற்றிலும், 'என்னைக் கேட்காமல் திருத்தக் கூடாது' என்று எழுதிவைத்தார். பின்னால் அந்த ஆள் மன்னிப்புக் கேட்டு எழுதினார். கபீர் என்ன செய்தார்? திட்டினாரா? கால் எலும்பு கட்டுவது எப்படி என்று அவருக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார்! அவரும் இன்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வணக்கம் தம்பி.

அப்புறம் கபீருக்கு ஈரலில் நோய் வந்தது. நான்கு மாதம் தஞ்சாவூருக்கும் நீடாமங்கலத்துக்குமாக அலைந்தார். அந்த நான்கு மாதத்தில்தான் கடைசியாக மடையானைச் செய்து முடித்தார். நம் வயலில் வரப்போரம் நிற்கிற அதே மடையான் கொக்கு. நிற்கும்போது மண் நிறம். பக்கத்தில் போனாலும் தெரியாது. சிறகை விரித்தால் வெள்ளை! அந்த ஒரு நொடி மாற்றத்துக்காக ஆஸ்பத்திரிப் படுக்கையில் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை செய்தார். மடையானை வெளியிட்ட ஒன்பதாம் நாள் நம்மை விட்டுப் போய்விட்டார். நாற்பத்து மூன்று வயது. இது போகிற வயதா? யாரிடம் போய்க் கேட்பது?

அவர் போன இரண்டாவது வாரம் அந்தக் கம்பெனி விளையாட்டில் ஏதோ புது மாற்றம் செய்தது. உடனே கபீரின் மிருகங்கள் எல்லாம் நிலை கெட்டுப் போயின. எருமை தரையில் நிற்காமல் வானத்தில் தொங்குகிறது. நான் பார்த்தேன். தென்னை மர உயரத்தில் தொங்கியபடியே அசை போடுகிறது. கபீர் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் சரி செய்திருப்பார். இப்போது யார் தொடுவது? 'என்னைக் கேட்காமல் திருத்தக் கூடாது' என்று எழுதியிருக்கிறாரே! அவரை எங்கே போய்க் கேட்பது?

குழு இரண்டாகப் பிரிந்தது. இளவழகன் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிற பிள்ளை. விளையாட்டின் உள்வேலை எல்லாம் அவனுக்குத் தெரியும். "நாலு நாள் வேல மாமா, எறக்கிரலாம்" என்றான். என் மகள் கூடாது என்றாள்.

"அவர் வெச்ச ஒவ்வொரு புள்ளியும் அவர் கை. நீ தொட்டா அது உன் கை ஆயிடும்."

"தொங்க விட்டா மட்டும் அவரு கையா இருக்குமா? வர்றவன் போறவன் எல்லாம் படம் புடிச்சுப் போட்டுச் சிரிக்கிறான் சான்ட்ரா."

"சிரிக்கட்டும். திருடுனோம்னு பேரு வராது."

அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்கள் இன்னும் பேசவில்லை. நான்கு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்த ஒன்பது பேர், இன்று இந்த மண்டபத்தில் இடப்பக்கம் நான்கு பேர், வலப்பக்கம் ஐந்து பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எனக்கு மேடையிலிருந்து நன்றாகவே தெரிகிறது.

நேற்றுக் காலை இந்த உரையை எழுத உட்கார்ந்தேன். மடையானைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். கபீரே ஏதாவது எழுதியிருப்பார் என்று கம்ப்யூட்டரைத் திறந்து, மடையானோடு வந்த குறிப்புத் தாளைப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் மடையானைத்தான் பார்த்தேன், தாளைப் பார்க்கவில்லை. கீழே தமிழ் இருந்தது. அதை அப்படியே படிக்கிறேன்.

"சாமிண்ணே, இது உங்களுக்கு. மடையான் பறக்கிறது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று. நான் பதில் போடாமல் போய்விட்டால், நான் செய்த எதையும் திருத்தலாமா, கூடாதா என்பதை உங்களைக் கேட்கச் சொல்லி மேலே இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். நீங்கள் சரி என்றால் சரி. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆகவே கம்ப்யூட்டர்க்காரன் சொல்கிற சாக்கு உங்களிடம் எடுபடாது. எருமையைத் தெரியும். அது போதும்."

இளவழகா, சான்ட்ரா, தலையைக் குனியாதீர்கள்! உங்கள் ஒன்பது பேர் கம்ப்யூட்டரிலும் இந்தத் தாள் இருக்கிறது. பதினோராயிரம் பேர் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. 'யாருமே படிக்க மாட்டேங்குறான்' என்று ஊரைத் திட்டிய நீங்களும் படிக்கவில்லை, பரிசோதகன் என்று பெயர் வைத்துக்கொண்ட நானும் படிக்கவில்லை. கபீர் தம்பி மேலே இருந்து தலையில் அடித்துக்கொண்டிருப்பார்!

இதை முதலில் ரஹ்மத் பீவி அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழுதாகப் படித்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: "அவரு உங்களக் கேக்கச் சொல்லிட்டாரு, நான் என்னண்ணே சொல்றது? ஒண்ணுதான். அவரு போனுக்குத் தெனம் வருது, எரும என்ன ஆச்சு, எரும என்ன ஆச்சுன்னு. நான் என்ன பதில் போடுறது?"

பெருமக்களே, ஒளிக்காமல் சொல்கிறேன். நேற்று மத்தியானம்வரை கூடாது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். என் மகள் பக்கம் நிற்பதற்காக இல்லை. வானத்தில் தொங்குகிற அந்த எருமையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். படுக்க வைத்து எழுப்பினேன். அந்தரத்தில்கூட அது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கியது. மூன்று வாரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்த மனிதர் அங்கே இருந்தார். அதை இன்னொருவன் தொடலாம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் நான் மெக்கானிக். சொந்தக்காரர் இறந்துபோன டில்லரை, அவர் ஞாபகமாகத் தொடாமல் வைத்திருக்கிறோம் என்று நிறுத்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மழைக்காலம் போனால், அதைப் பார்க்கிற யாருக்கும் அந்த மனிதர் ஞாபகம் வருவதில்லை. துருதான் தெரிகிறது. சரி செய்து ஓட்டுகிற வீட்டில்தான், "இது எங்கப்பா வண்டி" என்று இன்னும் சொல்கிறார்கள். தான் செய்தது தப்பு என்று ஒரு மெக்கானிக் சொன்னதும் எலும்பை எல்லாம் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டியவர் கபீர். அவர் தன் கையைக் காப்பாற்றவில்லை. எருமையைத்தான் காப்பாற்றினார்.

ஆகவே, அவர் கொடுத்த பொறுப்பை ஏற்று, ரஹ்மத் பீவி அவர்கள் முன்னிலையிலும் இந்தச் சபையின் முன்னிலையிலும் சொல்கிறேன்: சரி! திருத்தலாம்! தொடுங்கள்!

கைதட்ட வேண்டாம், இன்னும் முடியவில்லை. சான்ட்ரா, நீ முகத்தைத் திருப்பிக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. உனக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. கபீர் கடைசியாகக் கைவைத்தது எப்படி இருந்ததோ, அதை அப்படியே ஒரு புள்ளி மாறாமல் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு நீதான். அதை யாரும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது. இளவழகன் திருத்துவது அதன் நகலைத்தான். வெளியிடும்போது மேலே விலங்குச் சிற்பி அஹமது கபீர் என்று இருக்கும், திருத்தியவர்கள் பெயர் கீழே இருக்கும். அதற்கு முன்னால் நான் அதைப் படுக்க வைத்து எழுப்பிப் பார்ப்பேன். கால் மாறியிருந்தால் விட மாட்டேன். எத்தனை வாரம் ஆனாலும் விட மாட்டேன்!

இனி உறுதிமொழி. பெரிய வார்த்தை எனக்கு வராது. கபீர் தம்பி, உங்கள் பன்னிரண்டு மிருகங்களையும் நாங்கள் கைவிட மாட்டோம். கேள்வி கேட்டு எழுதுகிற பதினோராயிரம் பேருக்கும், பத்தாவது முறை கேட்டாலும், உங்களைப் போலவே பதில் போடுவோம். குறிப்புத் தாளைப் படிப்போம். முழுதாகப் படிப்போம்!

ரஹ்மத் பீவி அவர்கள் கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் திறந்து வைத்திருப்பேன். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற நால்வரும் வர வேண்டும், வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஐவரும் வர வேண்டும். கடையில் பெஞ்ச் ஒன்றுதான் இருக்கிறது, நெருக்கித்தான் உட்கார வேண்டும்.

எருமையைக் கீழே இறக்குவோம். வாருங்கள்.